பாலிமரை அடித்துக் கலக்கலாமா? நீர்ச் சுத்திகரிப்பு கேள்வி–பதில்

நீரிலுள்ள அழுக்குத் துகள்களை ஒன்றுசேர்த்துத் திரளாக்கப் போடும் பாலிமர் தூள் சீக்கிரம் கரையட்டும் என்று கலக்கியின் வேகத்தைக் கூட்டினோம். கரைந்துவிட்டது. ஆனால் வழக்கமான அளவில் திரள் கட்டவில்லை. தூள் மட்டமானதா?

தூளைச் சந்தேகிக்கும் முன் கலக்கியைச் சந்தேகியுங்கள். நீங்கள் போடுவது பெரும்பாலும் பாலிஅக்ரிலமைடு. அதன் மூலக்கூறு எடை 1 கோடியைத் தாண்டுவது சாதாரணம். ஒரே சங்கிலியில் லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கும். ஒரு முனை ஒரு துகளையும் மறுமுனை இன்னொரு துகளையும் பற்றிக்கொள்வதால்தான் திரள் உருவாகிறது. ஆகவே, நீளம் போனால் வேலையும் போயிற்று. வேகமான சுழற்சி சங்கிலியை இழுத்து நீட்டுகிறது. இழுவிசை நடுப்பகுதியில்தான் அதிகம் என்பதால், அறுவதும் பெரும்பாலும் அங்கேதான். 1 கோடி இரண்டு 50 லட்சங்களாகிவிடும். அறுந்தது மறுபடி ஒட்டாது. மின்னேற்றமோ மாறுவதில்லை. அதனால் மின்னேற்றத்தை மட்டும் அளக்கும் சோதனையில் கரைசல் நல்லதாகவே தெரியும்.

மெதுவாகக் கலக்கினால் கரையாத கட்டிகள், அதாவது மீன்கண், விழுகிறதே?

விழும். ஏனென்றால் வேகம் தேவைப்படும் நேரம் ஒன்று உண்டு: தூள் நீரைத் தொடும் முதல் சில வினாடிகள். அப்போது ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நனைய வேண்டும். சங்கிலிகள் இன்னும் மணிக்குள் சுருண்டே கிடப்பதால் பலத்த கலக்கல் அவற்றை ஒன்றும் செய்யாது. மணி ஊதி, சங்கிலி விரியத் தொடங்கியபின் அதே வேகம் எமன். எனவே தூளை நீர்ச்சுழலில் சிறிது சிறிதாகத் தூவி நனையுங்கள். பிறகு அகன்ற இலைகள் கொண்ட, மெல்லச் சுழலும் கலக்கியில் 45 முதல் 60 நிமிடம் விடுங்கள். பால்போன்ற எமல்ஷன் வகைக்கும் இதே வரிசைதான்: முதலில் ஓர் அடி, அப்புறம் நிதானம்.

கரைசலைச் செலுத்த மையவிலக்கு பம்ப் போதுமா?

வேண்டாம். திருகு வகை பம்ப் வையுங்கள். பாதி மூடிய வால்வையும் மறந்துவிடாதீர்கள். இடுக்கில் திடீரென்று நெருங்கிப் பாயும் நீர், சங்கிலியைச் சுழற்சியைவிட மோசமாக இழுக்கும். அளவைக் குறைக்க வேண்டுமானால் பம்பின் வேகத்தைக் குறையுங்கள், வால்வைத் திருகாதீர்கள்.

திரள் பெரிதாகக் கட்டுகிறது. ஆனால் தெளிவுத்தொட்டிக்குப் போவதற்குள் உடைந்துவிடுகிறது. பாலிமரைக் கூட்டட்டுமா?

இது வேறு நோய். முன்பு சொன்னது மூலக்கூறு அறுவது, இது கட்டிய திரள் சிதைவது. வேகக் கலக்கலில் ஜி மதிப்பு (கலக்கலின் தீவிரத்தைக் காட்டும் அளவு) வினாடிக்கு நூற்றுக்கணக்கில் இருக்கலாம். திரள் வளரும் கட்டத்தில் 20 முதல் 70 வரை போதும். படிகாரத் திரள் உடைந்தால் ஓரளவு மீண்டும் கூடும். பாலிமர் பாலம் போட்ட திரள் அவ்வளவாகக் கூடாது; தொங்கிய சங்கிலி நுனிகள் துகளின் மேலேயே படிந்துவிடும். மேலும் பாலிமரை ஊற்றினால் துகளின் பரப்பு முழுவதும் மூடிப்போய், பாலம் போட இடமே இல்லாமல் போகலாம். நீர் போகும் வழியில் பாலிமர் சேரும் இடத்தைத் தாண்டிப் பம்போ, கூர்மையான வளைவோ, நீர் விழும் தடுப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேர்க்கும் இடத்தை அதற்கு அப்பால் நகர்த்துங்கள்.

கருவி எதுவும் இல்லை. கரைசல் கெட்டதை எப்படி அறிவது?

அதே தூள், அதே நீர், அதே அடர்த்தி. கையால் மென்மையாகக் கலக்கி ஒரு கரைசல் தயாரியுங்கள். தொட்டியிலிருந்து இன்னொன்று எடுங்கள். இரண்டையும் ஒரே அளவில் ஜார் டெஸ்டில், அதாவது சுத்திகரிக்க வேண்டிய நீரை ஜாடிகளில் எடுத்துத் திரள் கட்டுவதை ஒப்பிடும் சோதனையில், போடுங்கள். கைக்கரைசல் வென்றால் குற்றவாளி உங்கள் கலக்கியோ பம்போதான். இரண்டும் தோற்றால் நீரைப் பாருங்கள்: குளோரினும் கரைந்த இரும்பும் சங்கிலியை வேதியியல் வழியில் அறுப்பவை. அவசரத்துக்குப் பிப்பெட்டும் உதவும். இரண்டு கரைசல்களையும் வடியவிட்டு நேரம் பாருங்கள். அறுந்த கரைசல் சீக்கிரம் வடிந்துவிடும்.

மீந்த கரைசல் கெடாமலிருக்க இரவெல்லாம் கலக்கியை ஓட விடுகிறோம். சரியா?

கெடுவதே அதனால்தான். கரைந்ததும் நிறுத்திவிடுங்கள்.