தேய்த்தால் போகாத கழுத்துக் கருப்பு: குழந்தைகள் டாக்டர் பதில்கள்

தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஒன்றுசேர்ந்து ஏறுவதைத்தான் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம். பிள்ளைகளிடம் அதைக் கண்டுபிடிப்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

கோபியிலிருந்து ஓர் அம்மா: ஏனுங்க டாக்டர், பையனுக்குப் பன்னெண்டு வயசுங்க. பின்கழுத்து கருப்பா இருக்குது. பீர்க்கன் நார் போட்டுத் தேய்ச்சும் போகலீங்க.

தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள், அம்மிணி. அது அழுக்கே இல்லை. உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போனால் ரத்தத்தில் இன்சுலின் கூடும். அப்போது கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி கறுக்கும். என்னிடம் வந்த ஒரு பையனுக்குத் தேய்த்துத் தேய்த்துத் தோலே உரிந்திருந்தது. காலரைத் தூக்கிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். தயவுசெய்து "ஒழுங்காக் குளிக்கிறதில்லை" என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். கருப்பு இருப்பதாலேயே நோய் என்று முடிவு கட்டவும் வேண்டாம். டெஸ்ட் எடுக்கச் சொல்லும் அடையாளம் அது, அவ்வளவுதான்.

திருப்பூரிலிருந்து ஓர் அப்பா: என்னென்ன டெஸ்ட்டுங்க? எவ்வளவு இருந்தா நோய்னு சொல்லுவீங்க?

முதல் டெஸ்ட் இஞ்சு டேப். பனியன் கம்பெனியில் கட்டிங் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள், டேப் பிடிக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வைக்கிற இடம்தான் முக்கியம்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். பிள்ளை வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும்போது அளக்க வேண்டும்.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2007இல் சொன்ன கணக்கைத்தான் நான் பார்க்கிறேன். 10 முதல் 15 வயது வரை, நோய் என்று சொல்ல, பிள்ளையின் இடுப்பு அதே வயதுள்ள 100 பிள்ளைகளில் 90 பேரின் இடுப்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அதோடு இவற்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும்: ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல், நல்ல கொழுப்பான எச்.டி.எல். 40க்குக் கீழே, பிரஷர் மேலே 130 அல்லது கீழே 85ஐத் தொடுவது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல்.

பிரஷர் பார்க்கும்போது கைக்குத் தக்க பட்டையா என்று கவனியுங்கள். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

பொள்ளாச்சியிலிருந்து: பாப்பாவுக்கு எட்டு வயசுதாங்க, குண்டா இருக்கா. அப்பிச்சிக்குச் சர்க்கரை இருக்குது.

பத்து வயதுக்கு முன்னால் இந்தப் பெயரை நாங்கள் வைப்பதில்லை. ஆனால் குடும்பத்தில் சர்க்கரை இருப்பதால் ரத்த டெஸ்ட் இப்போதே எடுத்துவிடலாம்.

ஈரோட்டிலிருந்து ஒரு மாணவி: வயசு 17, இடுப்பு 84 செ.மீ. மாதவிலக்கு ரெண்டு மூணு மாசம் தள்ளிப்போகுதுங்க.

16 வயதிலிருந்து பெரியவர்கள் கணக்குதான் கண்ணு. நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பின் வரம்பு 80 செ.மீ., ஆண்களுக்கு 90. எச்.டி.எல். உனக்கு 50க்குக் குறையக் கூடாது. மாதவிலக்கு தள்ளுவதால் சினைப்பை நீர்க்கட்டிக்கும் சேர்த்தே பார்க்கச் சொல். அம்மாவிடம் மறைக்காதே.

காங்கேயத்திலிருந்து ஓர் அப்பாரு: வளர்ற பையன், வளந்தா எளச்சிருவான். இதுக்கெல்லாம் டெஸ்ட் வேணுங்களா?

ஐயா, பேரன்மேல் உள்ள பாசம் புரிகிறது. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவன் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பில் சுற்றுங்கள். இரண்டு முனையும் தொடவில்லையென்றால், அடுத்த நாள் காலை வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். தண்ணீர் குடிக்கலாம், பால் கொடுக்க வேண்டாம்.