மிசிசிப்பித் தெப்பத்துக்கு ஒரு சாக்பீஸ் போதும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே நாவலைப் பற்றியவை: மார்க் ட்வைனின் 'அட்வென்சர்ஸ் ஆஃப் ஹக்கிள்பெரி ஃபின்'. இங்கிலாந்தில் 1884 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1885 பிப்ரவரியிலும் வெளிவந்தது. படிக்காதவர்களுக்கு இரண்டு வரியில் கதை. குடிகார அப்பனிடமிருந்து தப்பிய ஹக் என்ற பையனும், தன்னை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்து ஓடிவந்த ஜிம் என்ற அடிமையும் ஒரே தெப்பத்தில் மிசிசிப்பி ஆற்றில் தெற்கே போகிறார்கள். ஜிம்முக்கு விடுதலை கிடைக்குமா என்பதே கதை.

கேள்வி: முதல் வரியிலேயே இலக்கணம் தப்பாக இருக்கிறது. ஜிம் பேசுவது ஒரு சொல்கூடப் புரியவில்லை. கைடு வைத்துத்தான் ஓட்டுகிறோம். வேறு வழி உண்டா?
— இளங்கலை ஆங்கில மாணவி, பென்னாகரம்

கண்ணால் படிப்பதால்தான் புரியவில்லை. வாய்விட்டுப் படியுங்கள். அது பிழை ஆங்கிலம் இல்லை, காதில் விழுந்தபடி எழுதிய பேச்சு. 'வந்துவிட்டான்' என்று எழுதும் நாம் 'வந்துட்டான்' என்றுதானே பேசுகிறோம்? நாவலின் முன்குறிப்பிலேயே ட்வைன் கணக்குக் கொடுத்துவிடுகிறார்: மிசௌரிக் கறுப்பின மக்களின் பேச்சு, தென்மேற்குக் காட்டுப்புறப் பேச்சு, பைக் கவுண்டிப் பேச்சு, அந்தக் கடைசிப் பேச்சிலேயே நான்கு சாயல்கள். மொத்தம் ஏழு.

ஜிம்முக்கு இரண்டு மூன்று ஒலி மாற்றங்களைப் பிடித்தால் பாதிக் கதவு திறந்துவிடும். 'தட்' என்பது 'டட்' ஆகும், 'தெம்' என்பது 'டெம்' ஆகும். 'கோயிங் டு' சுருங்கி 'க்வைன்' ஆகும். 8-ஆம் அத்தியாயத்தில், தான் ஓடிவந்த கதையை ஜிம் சொல்லும் பக்கத்தை எடுங்கள். இருவராக உட்கார்ந்து ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர் புத்தகத்தைப் பார்க்காமல் கேட்கட்டும். முதல் முறை பொருள் தேட வேண்டாம். இரண்டாம் முறை, ஒலித்துப் பார்த்தும் பிடிபடாத சொற்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். அகராதி அவற்றுக்கு மட்டும்.

கேள்வி: மொத்தம் 43 அத்தியாயம், எனக்குக் கிடைப்பதோ 20 வகுப்பு. மாணவர்களுக்கு நிலவியலே பிடிபடவில்லை. ஜிம் எதிர்க்கரைக்குப் போகாமல், அடிமை முறை இருக்கும் தெற்கே ஏன் போகிறான் என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
— உதவிப் பேராசிரியர், அரூர்

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போனால் நாவல் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும்.

முதல் வகுப்பில் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கரும்பலகையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, அதுதான் மிசிசிப்பி. இடப்பக்கம் மிசௌரி, அடிமை மாநிலம். வலப்பக்கம் இல்லினாய்ஸ், விடுதலை மாநிலம். ஒகேனக்கல்லில் இக்கரை தமிழ்நாடு, அக்கரை கர்நாடகம் என்பது உங்கள் மாணவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மிசிசிப்பியில் கரை தாண்டினால் மட்டும் ஜிம் பிழைத்துவிட முடியாது. 1793-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி, விடுதலை மாநிலத்துக்குள் ஓடியவரையும் உரிமையாளர் பிடித்து இழுத்து வரலாம். ஜிம் தலைக்கு 300 டாலர் பரிசு வேறு. அதனால் திட்டம் இப்படி: கெய்ரோ என்ற ஊர் வரை ஆற்றோடு போவது, அங்கே வந்து கலக்கும் ஒஹையோ ஆற்றில் நீராவிப் படகேறி மேல்நோக்கி விடுதலை மாநிலங்களுக்குள் ஆழமாகப் போய்விடுவது. 15-ஆம் அத்தியாயத்து மூடுபனியில் கெய்ரோ கைநழுவுகிறது. அதன்பிறகு தெப்பம் ஒவ்வொரு மைல் நகர்வதும் ஜிம்முக்கு எதிர்த்திசைப் பயணம். இதைக் கோட்டில் காட்டிவிட்டால் பாதி நாவலை நடத்திவிட்டீர்கள்.

இரண்டாம் வகுப்பில் தெப்பம். 9-ஆம் அத்தியாயத்தில் அளவு இருக்கிறது: 12 அடி அகலம், 15 அல்லது 16 அடி நீளம், தண்ணீருக்கு மேலே 6, 7 அங்குலம். நான்கு பெஞ்சை நகர்த்திவிட்டு தரையில் சாக்பீஸால் வரையுங்கள். நடுவே சிறு குடிசைக்கு ஒரு கட்டம். இரண்டு மாணவர்களை உட்கார வையுங்கள், தாராளமாக இருக்கும். 19-ஆம் அத்தியாயத்தில் 'ராஜா', 'டியூக்' என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு மோசடிக்காரர்கள் ஏறும்போது இன்னும் இருவரை உட்கார்த்துங்கள். குடிசைப் படுக்கை வந்தவர்களுக்கு, மழை ஹக்குக்கு. அதிகாரம் என்ற தலைப்பில் தனியாக உரை தேவைப்படாது.

கணக்கும் போடலாம். 12-ஆம் அத்தியாயத்தில் ஓர் இரவு ஏழெட்டு மணி நேரம், மணிக்கு நான்கு மைலுக்கு மேல் ஓடும் நீரோட்டத்தில் போகிறார்கள். ஓர் இரவுக்குச் சுமார் 30 மைல். பகலில் ஒளிந்துகொள்வார்கள். இன்னொரு கணக்கு விலை: ஜிம்மை விற்க வந்த பேரம் 800 டாலர், பிடித்துக் கொடுத்தால் 300, கடைசியில் 'ராஜா' விற்றது 40. மூன்று எண்ணையும் பலகையில் எழுதிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருங்கள். பேச்சு தானாக எழும்.

1, 8, 15, 16, 18, 31, 42 ஆகிய அத்தியாயங்களை வகுப்பில் முழுதாகப் படியுங்கள். மற்றவற்றைக் குழுவுக்கு மூன்றாகப் பிரித்துக் கொடுத்துச் சுருக்கம் சொல்ல வையுங்கள். 33 முதல் ஹக்கின் தோழன் டாம் சாயர் வந்து நடத்தும் கூத்து நீளமானது, சலிப்பும்கூட. ஜிம் திருடப்படும் இடத்தோடு வாசகர் நிறுத்திவிட வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயே 1935-இல் எழுதினார். ஆனாலும் 42-ஐ விடக்கூடாது. ஜிம்மின் உரிமையாளரான மிஸ் வாட்சனின் உயிலால் ஜிம் ஏற்கெனவே விடுதலை பெற்றவன், அது தெரிந்தே டாம் விளையாடினான் என்பது அங்கேதான் உடைகிறது.

கேள்வி: கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வகுப்பில் எப்படிப் படிப்பது?
— ஆசிரியை, கிருஷ்ணகிரி

இருநூறு முறைக்கு மேல் வருகிறது. சத்தமாகப் படிக்கும்போது அந்தச் சொல்லை உச்சரிப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தம், அல்லது 'என்-சொல்'. அச்சில் அது அப்படியே இருக்கட்டும். 2011-இல் ஒரு பதிப்பு அதை எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்டது. வசதிதான், ஆனால் நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்களும் அதைக் கூசாமல் சொன்னார்கள் என்பது அதோடு போய்விடுகிறது.

நம் வகுப்பில் பேச்சு உடனே சாதிக்குத் தாவும். தாவட்டும், தடுக்காதீர்கள். ஆனால் இங்குள்ள வசைச் சொற்களைப் பட்டியலிடச் சொல்லாதீர்கள். எந்த மாணவரையும் பார்த்து 'உங்கள் பக்கம் எப்படி?' என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் வகுப்பு உடைந்துபோகும், அந்தப் பிள்ளை மறுநாள் வராமலும் போகலாம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் ஹக்கின் பேச்சைத் தங்கள் வட்டாரப் பேச்சில் எழுதிப் பார்க்க ஆசைப்படுவார்கள். நல்ல பயிற்சி. ஜிம்மை மட்டும் அப்படி மாற்ற விட வேண்டாம். எந்த ஊர்ப் பேச்சைக் கொடுத்தாலும் அந்த ஊரார்மேல் சிரிப்பு விழும்.

கேள்வி: 31-ஆம் அத்தியாயத்தில் ஹக் மனம் திருந்தி அடிமை முறையை எதிர்க்கிறான் என்று எழுதினேன். பாதி மதிப்பெண்தான் வந்தது. எங்கே தவறு?
— மாணவர், ஊத்தங்கரை

'திருந்தி' என்ற சொல்லில். ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி மிஸ் வாட்சனுக்கு ஹக் கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவம் கழுவப்பட்டதாக நினைக்கிறான். பிறகு ஜிம்மின் அன்பு நினைவுக்கு வர, நரகத்துக்கே போகிறேன் என்று கிழித்துப் போடுகிறான். அடிமை முறை தவறு என்று ஓரிடத்திலும் அவன் சொல்லவில்லை. தான் கெட்டுப்போனதாகத்தான் கடைசிவரை நம்புகிறான்.

தமிழ் வகுப்பில் வஞ்சப்புகழ்ச்சி படித்திருப்பீர்கள். 'தேவர் அனையர் கயவர்' என்று சொல்லும் வள்ளுவருக்குத் தாம் இகழ்வது தெரியும். இங்கே ஹக்குக்குத் தெரியாது. ஆசிரியருக்கும் நமக்கும் மட்டுமே தெரியும். இந்த வேறுபாட்டை எழுதினால் போதும். சான்று வேண்டுமானால் அடுத்த அத்தியாயத்திலேயே இருக்கிறது. படகில் வெடி விபத்து என்று ஹக் கட்டிவிடும் கதையில், யாருக்காவது அடியா என்று சாலி என்ற பெண்மணி கேட்க, இல்லை, கறுப்பன் ஒருவன்தான் செத்தான் என்கிறான். கேட்பவருக்கு ஏற்றபடி நடிக்கிறான் என்றும் வாதிடலாம். அதையும் ஒரு வரி சேர்த்தால் விடை எடுப்பாக இருக்கும்.

கேள்வி: மகளுக்கு எந்தப் பதிப்பு வாங்கலாம்?
— பெற்றோர், பாலக்கோடு

ட்வைன் 1910-இல் காலமானவர், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் முழு நூலும் இலவசம். அச்சுப் பிரதி என்றால் கடையிலேயே மூன்றைப் பாருங்கள்: 43 அத்தியாயமும் இருக்கிறதா, பேச்சு வழக்குகள் பற்றிய முன்குறிப்பு இருக்கிறதா, முதல் வாக்கியம் 'யூ டோன்ட் நோ அபௌட் மீ' என்று தொடங்குகிறதா. 'மை நேம் இஸ் ஹக்கிள்பெரி ஃபின்' என்று தொடங்கினால் அது சிறுவர்களுக்கான சுருக்கம். அதை வாங்காதீர்கள்.