ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பிறரோடு பழக வீட்டிலேயே சொல்லித்தர முடியுமா?

மன்னார்குடியிலிருந்து வாரம் ஒருமுறைதான் தஞ்சாவூருக்குப் பயிற்சிக்குப் போக முடிகிறது, 6 வயது மகனுக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல்லாங்குழியில் தொடங்குங்கள். 'உன் முறை, என் முறை' என்று சொல்லிக்கொண்டே ஆடினால் காத்திருக்கப் பழகுவான். முதலில் ஒரு நிமிடம் போதும். எழுந்து போனால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரை போகும் முன்பே கூட்டம், சத்தம், அத்தை வந்தால் என்ன சொல்வது என்று நான்கைந்து படம் வரைந்து கதையாகத் தினமும் காட்டுங்கள். அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சமூகக் கதை' முறை இது. சத்தம் தாங்காவிட்டால் "போலாம்" என்று சொல்லவும் அதே கதையில் இடம் கொடுங்கள். பேச்சு வராவிட்டால் படத்தைத் தொட்டுக் காட்டினாலும் சரி.

"கண்ணைப் பார்த்துப் பேசு" என்று மட்டும் வற்புறுத்தாதீர்கள். பல பிள்ளைகளுக்கு அது பெரும் அவஸ்தை. மாமா வந்தால் கைகூப்பி வணக்கம் வைத்தால் போதாதா?