சுற்றைக் கூட்டியும் குண்டூசி கூடவில்லையே!

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்காக ஆணியில் செம்புக் கம்பி சுற்றி, ஒரு செல்லை வைத்து மின்காந்தம் செய்தோம். 100 சுற்றுக்கு 9 குண்டூசி ஒட்டியது. 200 சுற்று போட்டும் 10தான்! சுற்று கூடினால் பலம் கூடும் என்றுதானே பாடத்தில் இருக்கிறது? கம்பி தலைமுடி மாதிரி மெல்லியது.
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பாடம் சரிதான், ஆனால் மின்னோட்டம் குறையாமல் இருந்தால்தான் அது பலிக்கும். பலத்தைத் தருவது சுற்றையும் ஆம்பியரையும் (மின்னோட்டத்தின் அளவு) பெருக்கி வரும் எண். சுற்றை இரண்டு மடங்காக்கினீர்கள், கம்பியும் இரண்டு மடங்கு நீளமாச்சு, மின்தடையும் கூடவே ஏறிவிட்டது, செல்லோ அதே 1.5 வோல்ட். அதனால் ஆம்பியர் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மெல்லிய கம்பியில் இது ரொம்பவே தெரியும்.

மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டால் இதைவிடத் தடிமனான எனாமல் (மின்சாரம் கடத்தாத மெல்லிய பூச்சு) கம்பி மிச்சத்துண்டு கிடைக்கும், அதில் 100 சுற்று போட்டாலே வித்தியாசம் தெரியும். கடைக்குப் போக நேரமில்லையா, இருக்கிற கம்பியையே பாதியாக வெட்டி, 100 சுற்றுள்ள இரண்டு காயில்களாக ஒரே திசையில் சுற்றி, தொடங்கும் முனைகள் இரண்டையும் ஒன்றாகவும் முடியும் முனைகளை ஒன்றாகவும் முறுக்கி செல்லில் கொடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். அமெரிக்காவில் விஞ்ஞானி ஜோசப் ஹென்றி பல சிறு காயில்களை இப்படி இணைத்துத்தான் 1831ல் 900 கிலோவுக்கு மேல் தூக்கிக் காட்டினார். ஒரு காயில் மட்டும் எதிர்த் திசையில் சுற்றிவிட்டால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், ஆணியில் ஒன்றுமே ஒட்டாது.

முனைகளில் எனாமலை உப்புத்தாளால் செம்பு பளபளக்கும்வரை தேய்த்தீர்களா? பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம் ஆணி. செல்லை எடுத்த பிறகும் குண்டூசி தொங்கினால் அது எஃகு. தேனிரும்பு என்றால் உடனே உதிரும், பிடிப்பும் அதிகம். ஆணியின் முனையில் துருவோ பெயிண்டோ இருந்தால் சுரண்டிவிடுங்கள், தாள் அளவு இடைவெளிகூட பிடிப்பைக் குறைக்கும்.

ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் மட்டும் இணைக்கச் சொல்லுங்கள், கம்பி சுடும், செல்லும் சீக்கிரம் இறங்கிவிடும். இறங்கிய செல்லில் எண்ணினால் கணக்கே தப்பும், அதனால் 100க்கும் 200க்கும் புது செல் போட்டு இன்னொரு தரம் எண்ணிப் பாருங்கள்.