ரிவர்ஸில் இடித்ததற்கு நீங்கள் மட்டும் பொறுப்பா?

தம்பி, மாதவரம் யார்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லர் தூணில் இடித்தது, சொல்லித்தர வந்த சீனியர் கேபினில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், இப்போது செலவை உங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முழுப் பழியையும் நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

நீங்கள் எல்.எல்.ஆரில் ஓட்டுபவர் என்றால், 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3ஆம் விதி தெளிவாக இருக்கிறது. லைசென்ஸ் உள்ள பயிற்றுநர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்துக்கொண்டு பிரேக் எட்டுமா?

லைசென்ஸ் வாங்கியிருந்தாலும் டிரெய்லர் ரிவர்ஸ் வேறு கதை. பின்பக்கம் இடது போக ஸ்டியரிங்கை வலது ஒடிக்க வேண்டும். முதல் மாதம் யாருக்கும் கை குழம்பும். எனக்குச் சொல்லித்தந்தவர் எண்ணூரில் கீழே இறங்கி, என் கண்ணாடியில் தெரியும் இடத்தில்தான் நிற்பார். "நான் கண்ணுக்குத் தெரியலையா, உடனே பிரேக் போடு" என்பார். வாய் திறந்தால் திட்டுதான், அது வேறு விஷயம்.

சரி, நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி மேனேஜருக்கு இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் சேதத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. அப்புறம், அடுத்த ட்ரிப்புக்கு வேறு சீனியரைக் கேளுங்கள்.