பிக்கப் எரிந்துபோகுமா? – இசைக்கருவி கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பங்குப் பாடகர் குழுவில் நான் வாசிக்கும் எலெக்ட்ரிக் கிட்டாரில் மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புகளும், அதாவது தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பாகங்களும், அவற்றில் எது ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்சும் உள்ளன. இரண்டு வாரங்களாகப் பிரிட்ஜ் பிக்கப்பை (தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டியிருப்பது) மட்டும் தேர்ந்தெடுத்தால், ஆம்பின் (ஒலிபெருக்கியின்) ஒலியை எவ்வளவு கூட்டினாலும் கொசுவின் ரீங்காரம் போல மெலிந்த ஓசைதான் கேட்கிறது. மற்ற நிலைகளில் குறை இல்லை. பழுதுபார்க்கும் கடையில் "பிக்கப் எரிந்துவிட்டது, புதிது போட வேண்டும்" என்கிறார்கள். போடத்தான் வேண்டுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: பேட்டரி இல்லாத சாதாரண பிக்கப்புக்குள் வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் செல்வதில்லை. காந்தங்களைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளின் மேல் எஃகுத் தந்தி அதிரும்போது அந்தச் சுருளிலேயே பிறக்கும் மிகச் சிறிய மின்னழுத்தம்தான் ஆம்புக்குச் செல்கிறது. அது மில்லிவோல்ட் கணக்கில் எண்ணத்தக்கது. எரிவதற்கு அங்கே என்ன இருக்கிறது? சுருளின் கம்பி அறுந்திருக்கலாம், ஈயப்பற்று விட்டிருக்கலாம், ஸ்விட்சில் களிம்பு ஏறியிருக்கலாம். இவற்றில் எது என்று தெரியாமல் புதிய பிக்கப் வாங்குவது வீண் செலவு.

மற்ற நிலைகளில் ஒலி சரியாக வருவதால் கேபிள், ஜாக் (கேபிளைச் செருகும் துளை), வால்யூம் குமிழ் ஆகிய மூன்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். இனித் தேவைப்படுவது ஒரு சாதாரண மல்டிமீட்டர் மட்டுமே. கிட்டாரைத் திறக்கவும் வேண்டியதில்லை. கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, மறுமுனையை ஆம்பிலிருந்து கழற்றி, வால்யூமை முழுவதும் திறந்து, மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, பிளக்கின் நுனியையும் அதன் தண்டையும் இரு ஊசிகளால் தொடுங்கள். ஸ்விட்சை நடு பிக்கப்பில் வைத்தால் பெரும்பாலும் 5.5 முதல் 7 கிலோ ஓம் வரை காட்டும். பிரிட்ஜும் நடுவும் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாம் நிலையில் இரு சுருள்களும் இணையாக அமைவதால் ஏறத்தாழ அதில் பாதி, அதாவது 3 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும்.

உங்கள் கேள்விக்கான விடை அந்த இரண்டாம் நிலையில்தான் இருக்கிறது. அங்கே 3 காட்டினால் பிரிட்ஜ் பிக்கப் நலமாகவே உள்ளது. பிரிட்ஜ் பிக்கப் தனியே ஒலிக்கும் முதல் நிலையில் மட்டும் ஸ்விட்சின் தொடுமுனை சரியாகப் பதியவில்லை என்று பொருள். காண்டாக்ட் கிளீனரை (மின்தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் திரவம்) சிறிது தெளித்து ஸ்விட்சை இருபது முப்பது முறை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாறாக, இரண்டாம் நிலையிலும் நடு பிக்கப்பின் 6 கிலோ ஓம் மட்டுமே தெரிந்து, முதல் நிலையில் மீட்டரின் அளவைத் தாண்டினால், பிரிட்ஜ் பிக்கப்பின் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. அப்போது மீட்டரை 2000 கிலோ ஓம் அளவுக்கு மாற்றினால் 250-ஐ ஒட்டி ஓர் எண் வரக்கூடும். அது வால்யூம் குமிழின் சொந்த மின்தடை, அதைக் கண்டு குழம்ப வேண்டாம். அறுந்த சுருள் முற்றிலும் ஊமையாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: அறுந்த இடத்தைத் தாண்டிக் கூர்மையான ஓசை மட்டும் கசிந்து வரும். நீங்கள் கேட்கும் கொசு ரீங்காரம் அதுவாக இருக்கலாம்.

அறுந்திருப்பது உறுதியானால் தந்திகளைத் தளர்த்தி, பிக்கார்டை (பிக்கப்புகள் பொருத்தப்பட்டுள்ள முகப்புத் தகடு) தூக்கி, பிக்கப்பிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் வயரைப் பாருங்கள். நல்ல ஈயப்பற்று பளபளப்பாக, முனையில் வழிந்து படிந்திருக்கும். கெட்டுப்போனது சாம்பல் நிறத்தில் மணல் மணலாக, ஒரு பல்குச்சியால் தள்ளினாலே அசைந்துகொடுக்கும். அங்கே குறை இல்லையென்றால் பிக்கப்பின் அடித்தட்டிலுள்ள இரண்டு சிறு கண்களை (உலோக வளையத் துளைகளை) கவனியுங்கள். தலைமுடியைவிட மெல்லியதான, சுமார் 0.06 மில்லிமீட்டர் கம்பி சுருளிலிருந்து வந்து அங்கேதான் சேர்கிறது. அறுவதும் பல நேரங்களில் அங்கேதான். அப்படியானால் மறுபடி பற்றவைத்தால் போதும். சுருளின் உள்ளேயே அறுந்திருந்தால், சுமார் 8000 சுற்றுகளையும் புதிதாகச் சுற்ற வேண்டும். அந்த நிலை வந்த பிறகே புதிய பிக்கப்பைப் பற்றி யோசியுங்கள்.

குளச்சல் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். இவ்வகைப் பிக்கப்புகள் பலவற்றில் கம்பி நேரடியாகக் காந்தத் தண்டுகளின் மேலேயே சுற்றப்பட்டிருக்கும். அந்தக் காந்தத்தில் இரும்பு உண்டு. உப்புக் காற்றில் அது துருப்பிடித்தால் ஒட்டியிருக்கும் உள்சுற்று முதலில் அரிக்கப்படும். இரண்டு பருவமழையும் காணும் நம் மாவட்டத்தில், ஆலய அலமாரியில் உறையில்லாமல் நிற்கும் கிட்டார்களுக்கு இது விரைவாகவே நேர்கிறது. வாசித்தவுடன் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன் உறைக்குள் வையுங்கள்.

கேள்வி: நானே வயரிங் செய்த கிட்டாரில் ஓர் இரைச்சல் தொடர்ந்து கேட்கிறது. தந்தியைத் தொட்டால் நின்றுவிடுகிறது. திருவிழா மேடையில் ஒரு முறை மைக்கில் உதடு பட்டபோது 'சுரீர்' என்று அடித்தது. இரண்டும் ஒரே கோளாறா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இல்லை. இரண்டாவதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கிட்டாரின் பிக்கப்போ வயரிங்கோ உங்களுக்கு ஷாக் கொடுக்க முடியாது; ஆம்பிலோ மைக் இணைப்பிலோ எர்த் இல்லாததுதான் காரணமாக இருக்க வேண்டும். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் செருகும் பழக்கம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. இரைச்சல் குறைகிறது என்று அதற்கு நியாயமும் சொல்வார்கள். 230 வோல்ட்டோடு அந்த விளையாட்டு வேண்டாம். மின்பணியாளர் ஒருவர் எர்த்தைச் சோதித்து, ஆம்பும் மைக் செட்டும் ஒரே எர்த்தில் இணைந்திருப்பதை உறுதிசெய்யும் வரை அந்த இணைப்பில் வாசிக்காதீர்கள்.

தந்தியைத் தொட்டால் இரைச்சல் நிற்பது, பிரிட்ஜுக்குச் செல்லும் கிரவுண்டு வயர் (கிட்டார் சுற்றின் பொதுமுனை வயர்) ஒழுங்காக இருப்பதற்கு அடையாளம். தொடும்போது இரைச்சல் கூடியிருந்தால் ஜாக்கின் இரு வயர்களையும் மாற்றிப் பற்றவைத்துவிட்டீர்களா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். மீதமுள்ள இரைச்சலைக் குறைக்க, உட்குழியைத் தாமிரத் தகட்டுத் தாளால் மூடி அதைக் கிரவுண்டோடு இணையுங்கள். தாளின் ஓரம் ஜாக்கின் நுனி முனையைத் தொடாதிருக்க வேண்டும். தொட்டால் கிட்டார் முழுவதும் ஊமையாகிவிடும், மீட்டர் பூஜ்யம் காட்டும்.

கேள்வி: புதிய பிக்கப் பொருத்திய பின், அதுவும் பழைய பிக்கப்பும் தனித்தனியே நன்றாக ஒலிக்கின்றன. சேர்ந்தால் தகர டப்பா போல் ஒலிக்கிறது. ஏன்?
– வாசகர், தக்கலை

பதில்: இரண்டும் எதிரெதிர்த் திசையில் இயங்கி ஒன்றையொன்று அழிக்கின்றன. ஏதாவது ஒரு பிக்கப்பின் இரு வயர்களையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். அந்தப் பிக்கப்புக்கு உலோக மூடி இருந்தால், மூடியின் கிரவுண்டை முதலில் சுருளிலிருந்து பிரித்துத் தனி வயராக எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் மூடியைக் கை தொடும்போதெல்லாம் இரைச்சல் வரும்.