பாலங்கள்: சேலத்து அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

நெடுஞ்சாலைப் பணியில் பல ஆண்டுகள் பாலங்களோடு பழகியவன் என்பதால், நம் பகுதி அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐந்து ரோடு அன்பர்: ஐயா, மேம்பாலத்தில் வண்டி ஓட்டும்போது சீரான இடைவெளியில் 'தடக், தடக்' என்று கேட்கிறதே, அது விரிசலா?

விரிசல் அன்று, வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி. 2020 ஜூனில் திறக்கப்பட்ட நம் ஈரடுக்கு மேம்பாலமும் வெயிலில் நீண்டு, குளிரில் சுருங்குகிறது. 30 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம், வெப்பம் 30 டிகிரி மாறும்போது ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் கான்கிரீட் நொறுங்கிவிடும்.

கொண்டலாம்பட்டி அன்பர்: தூக்குப் பாலமும் தொங்கு பாலமும் ஒன்றுதானா?

இல்லை. தொங்கு பாலத்தின் தளத்தைக் கம்பிவடங்கள் தாங்குகின்றன. தூக்குப் பாலம் கப்பலுக்கு வழிவிடத் திறப்பது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரு இறக்கைகளாக விரிந்தது. 2025-இல் வந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழுகிறது.

மேட்டூர் அன்பர்: 2018-இல் நம் அணையிலிருந்து வெள்ளம் திறக்கப்பட்டபோது திருச்சியில் கொள்ளிடம் பழைய பாலம் இடிந்தது. மேலே உறுதியாக இருந்த பாலம் எப்படி விழுந்தது?

எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது. கடற்கரையில் அலை திரும்பும்போது குதிகாலின் கீழிருந்து மணல் நழுவுவதை உணர்ந்திருப்பீர்கள். வெள்ளத்தில் நிற்கும் தூணுக்கும் அதுவே நேர்கிறது: தூணில் மோதும் நீர் கீழ்நோக்கிப் பாய்ந்து, அடியில் சுழித்து, அடித்தளத்தைச் சுற்றியுள்ள மணலை வாரிக்கொண்டு போகிறது. 1928-இல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் தூண்கள் ஆற்றுக்குள் இறங்கியபோது, போக்குவரத்து ஏற்கெனவே புதிய பாலத்துக்கு மாறியிருந்தது பெரும் நிம்மதி. வெள்ளம் வடியும்போது அரித்த குழியில் புது மணல் வந்து தூர்ந்துவிடுவதால், பிறகு போய்ப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். அந்த மணலுக்கோ பாரம் தாங்கும் இறுக்கம் கிடையாது. ஆற்றில் அளவின்றி மணல் அள்ளினால், வெள்ளம் வராமலே அடித்தளம் வெளியே தெரியத் தொடங்கும். இதைச் சொல்லிச் சொல்லி நான் அலுத்ததில்லை.

ஏற்காடு அன்பர்: மலைப்பாதையில் வரும் சின்னஞ்சிறு பாலங்களுக்கு அவ்வளவு கவனம் தேவையா?

கட்டாயம் தேவை. 6 மீட்டர் வரை உள்ளவற்றைச் சிறுபாலம் என்போம். மலைச்சரிவில் இறங்கும் மழைநீர் சாலையோரக் கால்வாயில் ஓடிவந்து, இவற்றின் வழியாகவே பள்ளத்துப் பக்கம் போகிறது. சருகும் கல்லும் சேர்ந்து வாயை அடைத்துவிட்டால், நீர் சாலைமீது ஏறி, வெளியோரத்து மண்ணை அறுத்து, சாலையையே சரித்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்னரே மண்வெட்டியோடு இரண்டு பேர் போய்த் தூர் எடுத்தால் போதும்.

அம்மாபேட்டை அன்பர்: தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு நீர்தான் ஓடுகிறது என்றால் கடக்கலாமா?

கூடாது. இரண்டடி ஆழ ஓட்டம் காரையே இழுத்துச் சென்றுவிடும். கலங்கிய நீருக்கு அடியில் தளம் இருக்கிறதா, அடித்துச் செல்லப்பட்டுவிட்டதா என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது.